ஜாவாஸ்கிரிப்ட் கற்கத் தொடங்கியவர்கள் முன்னேறுவது எப்படி?

 

நம் அறக்கட்டளைக்கு வரும் கல்வி உதவி மனுக்களில் கணினிப் பயிற்சிக்கான மனுக்கள் இப்போது கூடிவருகின்றன. பிளஸ் டூ முடித்த பிள்ளைகள், பட்டம் வாங்கிவிட்டு வேலை தேடுபவர்கள், வீட்டிலிருந்தபடியே ஹலாலாகச் சம்பாதிக்க விரும்பும் சகோதரிகள் எனப் பலரும் இணையதளம் உருவாக்கும் படிப்பைக் கேட்கிறார்கள். ஆர்வத்துக்குக் குறைவில்லை. ஆனால் தொடங்கியவர்களில் பலர் இரண்டு மூன்று மாதங்களில் ஓரிடத்தில் நின்றுவிடுகிறார்கள். "பாடம் நடத்தும்போது புரிகிறது. தனியாக உட்கார்ந்தால் ஒரு வரிகூட எழுத வரவில்லை" என்பதே அவர்கள் சொல்லும் காரணம்.

இது அறிவுக் குறைவால் வருவதல்ல. பயிலும் முறையால் வருவது. முறையைச் சரிசெய்தால் நின்ற இடத்திலிருந்து நகர முடியும். அதற்கான வழிகளைக் கற்பவருக்கும் பெற்றோருக்கும் சேர்த்தே இங்கு எழுதுகிறேன்.

எந்த மொழி? ஏன் அது?

ஓர் இணையப் பக்கத்துக்கு மூன்று மொழிகள் வேண்டும். தலைப்பு, பத்தி, படம், படிவம் ஆகியவற்றை வைப்பது எச்.டி.எம்.எல். அவற்றின் நிறம், அளவு, இடம் ஆகியவற்றைத் தீர்மானிப்பது சி.எஸ்.எஸ். பயன்படுத்துபவர் பொத்தானை அழுத்தினால் என்ன நடக்கவேண்டும், எழுதிய தொகையை எப்படிக் கணக்கிடவேண்டும் என்று சொல்வது ஜாவாஸ்கிரிப்ட். முதல் இரண்டும் பக்கத்தை அமைப்பவை. மூன்றாவதுதான் நிரல்மொழி. பிள்ளைகள் தடுமாறுவதும் பெரும்பாலும் இந்த மூன்றாவதில்தான்.

1995-ஆம் ஆண்டு மே மாதம் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரண்டன் ஐக் என்பவர் இதன் முதல் வடிவத்தைப் பத்தே நாட்களில் எழுதினார். முதலில் மோக்கா என்றும் பிறகு லைவ்ஸ்கிரிப்ட் என்றும் அழைக்கப்பட்டு, அந்த ஆண்டு டிசம்பரில் ஜாவாஸ்கிரிப்ட் ஆனது. அப்போது புகழ்பெற்றிருந்த ஜாவா மொழியின் பெயரை ஒட்டி வைத்த பெயர் இது. இரண்டும் வெவ்வேறு மொழிகள். ஜாவா வகுப்பில் சேர்த்துவிட்டு, மகன் ஜாவாஸ்கிரிப்ட் படிக்கிறான் என்று நினைத்திருக்கும் பெற்றோர் இதைக் கவனிக்கவேண்டும்.

தொடக்கநிலையாளருக்கு இந்த மொழியைப் பரிந்துரைக்க ஒரு எளிய காரணம் உண்டு. இதற்கென்று தனி மென்பொருள் வாங்கவேண்டியதில்லை. குரோம், ஃபயர்ஃபாக்ஸ் போன்ற எந்த உலாவியிலும் இது இயங்கும். எழுதுவதற்கு விஷுவல் ஸ்டுடியோ கோட் என்ற செயலி இலவசமாகவே கிடைக்கிறது. பாடத்துக்கு மொஸில்லாவின் எம்.டி.என். தளமும் ஃப்ரீகோட்கேம்ப் தளமும் கட்டணம் வாங்குவதில்லை. பழைய கணினி ஒன்று இருந்தாலே போதும். கைப்பேசியில் பாடம் படிக்கலாம். ஆனால் நிரல் எழுதிப் பழக விசைப்பலகை அவசியம்.

ஆங்கிலம் வராதே என்ற கவலையும் சிலருக்கு உண்டு. இம்மொழிக்கென்று உள்ள கட்டளைச் சொற்கள் சில டஜன்தான். அரபி எழுத்துகளைப் புதிதாகக் கற்று, எழுத்துக்கூட்டி, குர்ஆன் ஓதும் நிலைக்கு வந்த பிள்ளைக்கு இது பெரிய சுமையல்ல. பாட விளக்கங்களைப் படிக்கத்தான் ஆங்கிலம் தேவை. அதுவும் படிக்கப் படிக்கப் பழகிவிடும்.

தேக்கம் எங்கே ஏற்படுகிறது?

காணொளியில் ஆசிரியர் எழுதுகிறார், பிள்ளை பார்க்கிறது. அவர் எழுதியதை அப்படியே பார்த்துத் தட்டச்சு செய்கிறது. திரையில் சரியான விடை வருகிறது. "எனக்குத் தெரிந்துவிட்டது" என்று அடுத்த காணொளிக்குப் போகிறது. நாற்பது காணொளி முடிந்த பிறகு வெற்றுத் திரையைத் திறந்தால் கை ஓடுவதில்லை.

ஹஜ்ரத் ஓதும்போது காது கொடுத்துக் கேட்பது எளிது. முஸ்ஹஃபை மூடிவிட்டு நாம் ஓதிக்காட்டும்போதுதான் பாடம் ஆனதா இல்லையா என்பது தெரியும். நிரல் எழுதுவதும் அப்படித்தான். எத்தனை காணொளி பார்த்தோம், எத்தனை சான்றிதழ் வாங்கினோம் என்பது முன்னேற்றத்தின் அளவு ஆகாது. நேற்றுப் பார்த்ததை இன்று பார்க்காமல் எழுத முடிகிறதா என்பதே அளவு.

மதரஸா கற்றுத்தந்த முறை

ஹிஃப்ழு மதரஸாவில் ஒரு மாணவர் தினமும் புதிய பாடத்தை மட்டும் ஒப்புவிப்பதில்லை. அன்றைய சபக் ஒன்று. முந்தைய சில நாட்களின் பாடம் ஒன்று. எப்போதோ மனனம் செய்த பழைய ஜுஸ்உ ஒன்று. மூன்றையும் உஸ்தாதிடம் ஓதிக்காட்டவேண்டும். புதிய பாடத்தை மட்டும் ஓட்டிக்கொண்டே போனால் பழையது கையை விட்டுப் போய்விடும் என்பது தலைமுறை தலைமுறையாகக் கண்ட அனுபவம்.

இதே முறையை நிரல்மொழிக்கும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் போதும். முதல் 15 நிமிடம், சென்ற வாரத்தில் எழுதிய ஒன்றைப் பார்க்காமல் மீண்டும் எழுதுங்கள். அடுத்த 15 நிமிடம், நேற்று படித்ததை எழுதுங்கள். மீதி 30 நிமிடம் புதிய பாடம். புதிய பாடத்தையும் படித்தவுடன் மூடிவிட்டு, அதில் ஏதாவது ஒன்றை மாற்றி எழுதிப் பாருங்கள். ஆசிரியர் மாணவர்களின் மதிப்பெண்ணைக் கூட்டினால், நீங்கள் வீட்டு மளிகைக் கணக்கைக் கூட்டுங்கள்.

சுபுஹுக்குப் பிறகோ இஷாவுக்குப் பிறகோ, நேரம் எதுவானாலும் அது தினமும் ஒரே நேரமாக இருக்கட்டும். குறைவாக இருந்தாலும் விடாமல் செய்யும் அமல் அல்லாஹ்வுக்கு விருப்பமானது என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் நமக்கு வழிகாட்டியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஏழு மணி நேரம் உட்காருவதைவிடத் தினமும் ஒரு மணி நேரம் உட்காருபவர் முன்னே போய்விடுவார்.

வாரத்துக்கு ஒரு முறை இன்னொருவரிடம் ஒப்புவிப்பதும் முக்கியம். அவர் உங்களைவிட அதிகம் படித்தவராக இருக்கவேண்டியதில்லை. உடன் படிக்கும் நண்பரோ தங்கையோ போதும். எழுதிய ஒவ்வொரு வரியும் என்ன செய்கிறது என்று வாயால் சொல்லிக்காட்டுங்கள். எந்த வரியில் திணறுகிறீர்களோ அதுதான் நாளைய பாடம்.

முதல் வேலை: ஸகாத் கணக்கி

பாடப் பயிற்சிகளைத் தாண்டி, நமக்குப் பயன்படும் ஒன்றைச் செய்ய முற்படும்போதுதான் மொழி வசப்படும். முதல் வேலையாக ஒரு ஸகாத் கணக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். கணினியைத் தொடுவதற்கு முன், படிகளைத் தாளில் தமிழில் எழுதுங்கள்.

ஒன்று: தங்கத்தின் மதிப்பு, கையிருப்புப் பணம், வியாபாரச் சரக்கின் மதிப்பு ஆகியவற்றைக் கேள்.
இரண்டு: கொடுக்கவேண்டிய கடனைக் கேள்.
மூன்று: முதல் மூன்றையும் கூட்டி, கடனைக் கழி.
நான்கு: மீதி நிஸாபை எட்டுகிறதா என்று பார்.
ஐந்து: எட்டினால் நாற்பதில் ஒரு பங்கைக் காட்டு. எட்டாவிட்டால் ஸகாத் கடமையாகவில்லை என்று காட்டு.

இவ்வாறு படிப்படியாக எழுதும் வழிமுறைக்கு இன்று உலகம் வைத்திருக்கும் பெயர் அல்காரிதம். ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்குவாரிஸ்மியின் பெயரிலிருந்து வந்த சொல் அது. அல்ஜீப்ரா என்ற பெயருக்குக் காரணமான அவருடைய கணித நூலில் ஒரு பெரும் பகுதி வஸிய்யத், வாரிசுப் பங்கீடு ஆகியவற்றின் கணக்குகள். மக்களுக்கு அன்றாடம் தேவைப்பட்ட கணக்குகளை எடுத்துக்கொண்டே அந்த அறிஞர் தம் முறையை விளக்கினார். நம் பிள்ளைகளுக்கும் அதுவே நல்ல வழி.

இப்போது படிகளை நிரலாக்குங்கள். தங்க விலையும் நிஸாபின் மதிப்பும் விலை நிலவரத்தைப் பொறுத்து மாறுபவை. ஆகவே அவற்றைக் கணக்குக்கு நடுவில் எண்ணாக எழுதாமல், மேலே ஒரு பெயரிட்டு வையுங்கள். இப்படிப் பெயரிட்டு வைப்பதே வேரியபிள். நாளை விலை மாறினால் ஓரிடத்தில் மாற்றினால் போதும். ஐந்தாம் படியில் வரும் "எட்டினால், எட்டாவிட்டால்" என்பது இஃப், எல்ஸ். கணக்கு முழுவதையும் ஒரு பெயரின்கீழ்க் கட்டி, பொத்தானை அழுத்தும்போது இயங்கச் செய்தால் அது ஃபங்ஷன். ஒரே வேலையில் மூன்று பாடங்கள் வந்துவிட்டன.

அணிந்திருக்கும் நகைக்கு ஸகாத் உண்டா என்பதில் ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகளுக்கிடையே கருத்து வேறுபாடு உண்டு. கடனை எந்த அளவுக்குக் கழிப்பது என்பதும் அவ்வாறே. ஆகவே இந்தக் கேள்விகளை உங்கள் பள்ளிவாசல் இமாமிடமோ ஓர் ஆலிமிடமோ கேட்டு, அவர் சொன்னபடி நிபந்தனையை எழுதுங்கள். நிரல் நாம் சொன்னதைக் கணக்கிடும், அவ்வளவே. மார்க்கச் சட்டத்தை அது அறியாது. ஒரு துறையில் மென்பொருள் எழுதுபவர் அத்துறை அறிந்தவரிடம் கேட்டுத்தான் எழுதவேண்டும் என்ற பழக்கமும் இந்த முதல் வேலையிலேயே வந்துவிடும்.

கட்டாயம் வரப்போகும் மூன்று தடுமாற்றங்கள்

ஸகாத் கணக்கியை எழுதும்போது ஏறக்குறைய எல்லோரும் சந்திப்பது இது. தங்கம் 3,00,000 ரூபாய், பணம் 1,00,000 ரூபாய் என்று படிவத்தில் கொடுக்கிறீர்கள். மொத்தம் 4,00,000, அதில் நாற்பதில் ஒரு பங்கு 10,000 ரூபாய். ஆனால் திரையில் 750 கோடியே 2,500 ரூபாய் என்று வருகிறது! காரணம் எளியது. படிவத்தில் எழுதும் எதையும் ஜாவாஸ்கிரிப்ட் முதலில் எழுத்தாகவே எடுத்துக்கொள்ளும். எழுத்துகளுக்கு நடுவே கூட்டல் குறி போட்டால் கூட்டாது, ஒட்டவைக்கும். 300000, 100000 இரண்டும் ஒட்டி 300000100000 ஆகிவிட்டது. அதை நாற்பதால் வகுத்ததில்தான் அந்தக் கோடிகள். படிவத்திலிருந்து எடுத்தவுடன் நம்பர் என்ற கட்டளையால் அதை எண்ணாக மாற்றிக்கொண்டால் கணக்கு சரியாகிவிடும்.

இரண்டாவது, தசமக் கணக்கு. 0.1, 0.2 இரண்டையும் கூட்டச் சொன்னால் 0.3 என்று வராது, 0.30000000000000004 என்று வரும். கணினி எண்களை இரண்டின் அடிப்படையில் சேமிக்கிறது. மூன்றில் ஒன்றை நாம் 0.333 என்று எழுதினால் முடிவில்லாமல் போகிறதல்லவா? அதுபோல 0.1-ஐக் கணினியால் முழுமையாக எழுத முடிவதில்லை. ஆகவே பணக் கணக்கை முழுவதும் பைசாவில் செய்து, கடைசியில் ரூபாயாக மாற்றிக் காட்டுவது பாதுகாப்பான வழி. பிறர் பணத்தைக் கணக்கிடும் நிரலில் இது சிறிய விஷயமல்ல.

மூன்றாவது, தமிழில் எழுதுபவர்கள் சந்திப்பது. ஃபாத்திமா என்ற பெயரின் நீளத்தைக் கேட்டால் ஜாவாஸ்கிரிப்ட் 9 என்று சொல்லும். நம் கண்ணுக்கு ஐந்து எழுத்துகள்தான். யூனிகோடில் கால், கொம்பு, புள்ளி ஆகியவை தனித்தனிக் குறிகளாகச் சேமிக்கப்படுவதே காரணம். பெயருக்கு எட்டு எழுத்துக்குமேல் கூடாது என்று ஆங்கிலத்தை நினைத்து ஒரு படிவம் செய்தால், ஃபாத்திமாவால் தன் பெயரைத் தமிழில் பதிய முடியாமல் போய்விடும்.

பிழைச் செய்தியைப் படியுங்கள்

நிரல் இயங்காவிட்டால் பலர் எழுதியதை எல்லாம் அழித்துவிட்டு மறுபடி தொடங்குகிறார்கள், அல்லது அன்றைக்குப் படிப்பை மூடிவிடுகிறார்கள். கணினியில் எஃப் 12 விசையை அழுத்தி கன்சோல் என்ற பகுதியைத் திறந்தால், என்ன பிழை, எந்த வரியில் என்று சிவப்பு எழுத்தில் இருக்கும். பெரும்பாலும் மூன்று வகைகள்தான் கண்ணில் படும்.

சின்டாக்ஸ் எர்ரர் என்றால் அடைப்புக்குறியோ மேற்கோள்குறியோ விடுபட்டிருக்கும். ரெஃபரன்ஸ் எர்ரர் என்றால் நீங்கள் எழுதிய பெயரைக் கணினி அறியவில்லை, பெரும்பாலும் எழுத்துப்பிழை. இந்த மொழியில் ஆங்கிலத்தின் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வெவ்வேறு. ஸீனை ஸாதாக ஓதினால் சொல் மாறிப்போவதுபோல இங்கும் ஒரே எழுத்தால் சொல் மாறிவிடும். டைப் எர்ரர் என்றால், பக்கத்தில் இல்லாத ஒரு பெட்டியிலிருந்து மதிப்பை எடுக்க முயன்றிருக்கலாம். பக்கம் முழுவதும் ஏற்றப்படுவதற்கு முன்பே நிரல் ஓடிவிட்டாலும் இதுதான் வரும்.

எந்தச் செய்தியும் வராமல் விடை மட்டும் தவறாக வருவதும் உண்டு. ஒற்றைச் சமக்குறி ஒரு மதிப்பை எடுத்து வைக்கும். மூன்று சமக்குறிகள் இரண்டு மதிப்புகளை ஒப்பிட்டுப் பார்க்கும். நிபந்தனைக்குள் ஒற்றைச் சமக்குறியைப் போட்டுவிட்டால் கணினி முறையிடாமல் தவறான வழியில் போய்விடும். அப்போது ஒவ்வொரு படியிலும் மதிப்பு என்னவென்று கன்சோலில் அச்சிட்டுப் பார்த்தால், தவறு தொடங்கிய இடம் தெரிந்துவிடும்.

பிறரிடம் கேட்கும்போது "வேலை செய்யவில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன வந்தது, செய்தி என்ன சொன்னது, எதையெல்லாம் முயன்று பார்த்தீர்கள் என்ற நான்கையும் சொல்லுங்கள். பல சமயம், இந்த நான்கையும் எழுதி முடிப்பதற்குள் விடை உங்களுக்கே தெரிந்துவிடும்.

சாட்ஜிபிடி போன்றவற்றை எப்படிப் பயன்படுத்துவது?

இன்று பிள்ளைகள் இதைக் கேட்காமல் இருப்பதில்லை. "ஸகாத் கணக்கி எழுதித் தா" என்றால் அது சில நொடிகளில் முழு நிரலையும் தந்துவிடும். வேலை முடிந்தது; கற்றல் நடக்கவில்லை. அது தருவதில் பிழை இருந்தால் கண்டுபிடிக்கவும் தெரியாது. ஆகவே கற்கும் காலத்தில் ஒரு வரம்பு வைத்துக்கொள்ளுங்கள். முதலில் அரை மணி நேரம் சொந்தமாக முயலுங்கள். பிறகு விடையைக் கேட்காமல் விளக்கத்தைக் கேளுங்கள்: "இந்த வரியில் ஏன் இந்தப் பிழை வருகிறது?" விளக்கம் புரிந்ததும் அதை மூடிவிட்டு நீங்களே எழுதுங்கள். வாய்விட்டு விளக்க முடியாத ஒரு வரியும் உங்கள் நிரலில் இருக்கவேண்டாம்.

பிறர் எழுதியதைத் தன் வேலை என்று காட்டி வேலைக்கு விண்ணப்பிப்பது அமானத்துக்கு மாறானது. நேர்காணலில் இரண்டு கேள்விகளிலேயே அது வெளிப்பட்டும் விடும்.

ஆறு மாதப் பயணம்

முதல் மாதம்: எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ். உங்கள் தெருவில் உள்ள ஒரு கடைக்கோ ஒரு நிகழ்ச்சி அறிவிப்புக்கோ தமிழில் ஒரே ஒரு பக்கம் செய்யுங்கள். கைப்பேசித் திரையிலும் அது ஒழுங்காகத் தெரியவேண்டும்.

இரண்டாம் மாதம்: வேரியபிள், இஃப், ஃபங்ஷன். மேலே சொன்ன ஸகாத் கணக்கி.

மூன்றாம் மாதம்: பட்டியலாக வைக்கும் அர்ரே, விவரங்களைச் சேர்த்து வைக்கும் ஆப்ஜெக்ட், திரும்பத் திரும்பச் செய்யும் லூப். இதற்கு நல்ல வேலை, ரமளானில் பள்ளிவாசல் நோன்புக் கஞ்சிக்குப் பொறுப்பேற்பவர்களின் நாள்வாரிப் பட்டியல். ஒவ்வொரு நாளுக்கும் யார் என்று காட்டவேண்டும். பெயர் பதியாத நாட்களைத் தனியாகக் காட்டவேண்டும். மாதம் 29 நாளில் முடிந்தால் 30-ஆம் நாளுக்குப் பதிந்தவரின் நிலை என்ன என்பதையும் யோசியுங்கள். இம்மொழியிலேயே ஹிஜ்ரி தேதி காட்டும் வசதி உண்டு. ஆனால் அது கணக்கீட்டின்படி வருவது. பிறை பார்த்து அறிவிக்கும் தேதி வேறாகலாம் என்பதால், தொடக்க நாளை மாற்றிக்கொள்ளும் வழி நிரலில் இருக்கட்டும்.

நான்காம் மாதம்: பயன்படுத்துபவர் தவறாக எழுதினால் எச்சரிப்பது, எழுதியதைச் சேமிப்பது. லோக்கல் ஸ்டோரேஜ் என்ற வசதி அந்த உலாவியில் மட்டுமே சேமிக்கும். வேறு கணினியில் திறந்தால் அந்த விவரம் இருக்காது என்பதை நினைவில் வையுங்கள்.

ஐந்தாம் மாதம்: வேறு இடத்திலிருந்து தகவலைக் கொண்டுவரும் ஃபெட்ச், எழுதியவற்றின் வரலாற்றைக் காக்கும் கிட். உங்கள் வேலைகளைக் கிட்ஹப் தளத்தில் வையுங்கள். எளிய பக்கங்களை அங்கிருந்தே இலவசமாக வெளியிடலாம்.

ஆறாம் மாதம்: உண்மையான ஒருவருக்கு உண்மையான ஒரு வேலை. கடைக்காரரோ தையல் தொழில் செய்யும் சகோதரியோ டியூஷன் ஆசிரியரோ, அவருக்கு என்ன வேண்டும் என்று கேட்டு, செய்து கொடுத்து, அவர் சொல்லும் குறைகளைத் திருத்துங்கள்.

இதற்குப் பிறகுதான் ரியாக்ட், நோட் ஆகியவற்றின் பக்கம் போகவேண்டும். நோட் 2009-இல் வந்தது. இதே மொழியைச் சர்வரிலும் இயக்க உதவுவது. ரியாக்ட் 2013-இல் ஃபேஸ்புக் வெளியிட்டது. விளம்பரங்களில் இந்தப் பெயர்களைப் பார்த்துவிட்டு முதல் மாதமே அவற்றில் இறங்குபவர்கள், எழுத்துக்கூட்டத் தெரியாமல் தஜ்வீத் சட்டம் படிப்பவரைப் போலத் திண்டாடுவார்கள்.

ஓர் எச்சரிக்கை. மஹல்லாவுக்காகச் செய்யும் வேலைகளில் ஸகாத், ஃபித்ரா பெறுபவர்களின் பெயர், முகவரி, கைப்பேசி எண் போன்றவற்றைப் பயிற்சிக்காகக்கூட இணையத்தில் ஏற்றவேண்டாம். பொய்ப் பெயர்களை வைத்துப் பழகுங்கள். ஒரு குடும்பத்தின் வறுமை ஊருக்குத் தெரியாமல் காப்பது நம்மீதுள்ள பொறுப்பு. பாகப்பிரிவினை கணக்கிடும் நிரலை எழுத ஆசைப்படுபவர்கள், ஃபராயிள் அறிந்த ஆலிம் ஒருவர் பல உதாரணங்களை வைத்துச் சோதிக்கும்வரை அதை யாருக்கும் கொடுக்கவேண்டாம்.

பெற்றோரின் கவனத்துக்கு

பிள்ளையிடம் "எத்தனை பாடம் முடிந்தது?" என்று கேட்பதைவிட "இந்த வாரம் என்ன செய்தாய், காட்டு" என்று கேளுங்கள். உங்களுக்குக் கணினி தெரியாவிட்டாலும் பரவாயில்லை. உங்கள் கடைக் கணக்கைக் கொடுத்து அந்த நிரலில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். விடை சரியா தவறா என்று உங்களுக்குத்தான் தெரியும்.

பயிற்சி நிலையத்தில் சேர்ப்பதற்கு முன், அங்கு படித்தவர்கள் சொந்தமாகச் செய்த வேலைகளைக் காட்டச் சொல்லுங்கள். "வேலை நிச்சயம்" என்று சொன்னால் அதை எழுத்தில் கேளுங்கள். கட்டணத்தைத் தவணையில் கட்டலாம் என்றால், அந்தத் தவணை நிலையத்துக்கா, கடன் நிறுவனத்துக்கா என்று கேளுங்கள். பல இடங்களில் பிள்ளையின் பெயரிலோ உங்கள் பெயரிலோ ஒரு நிதி நிறுவனத்தில் கடன் எழுதப்படுகிறது. படிப்பைப் பாதியில் விட்டாலும் தவணை நிற்காது. அதில் வட்டியும் சேர்ந்திருக்கும். கையெழுத்திடும் முன் தாளைப் படியுங்கள். புரியாவிட்டால் அலுவலகத்துக்குக் கொண்டுவாருங்கள். இலவசமாகக் கிடைக்கும் பாடத்துக்காக வட்டியில் விழவேண்டிய நிர்ப்பந்தம் யாருக்கும் இல்லை.

அனுபவச் சான்றிதழ் விலைக்குக் கிடைக்கும் என்று சொல்பவர்களும் வருவார்கள். பார்க்காத வேலையைப் பார்த்ததாகச் சொல்வது பொய்ச் சாட்சி. அதன்மேல் கட்டும் சம்பாத்தியத்தில் பரக்கத் இருக்காது. பிடிபட்டால் வேலையும் போகும்.

பெண் பிள்ளைகளுக்கும் இந்தப் படிப்பில் சமமான இடம் கொடுங்கள். வீட்டில் ஒரே கணினி இருந்தால் மகனுக்கு ஒரு மணி நேரம், மகளுக்கு ஒரு மணி நேரம் என்று வகுத்துவிடுங்கள். அந்த ஒரு மணி நேரத்தில் அவளை வேறு வேலைக்கு அழைக்காதீர்கள். பெரும்பாலும் பெண் பிள்ளைகளின் படிப்பு நின்றுபோவது பாடம் கடினம் என்பதால் அல்ல, உட்கார நேரம் கிடைக்காததால்தான்.

ஆறு மாதத்தில் வேலை கிடைத்துவிடும் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது, நாமும் கொடுக்கவில்லை. ஆனால் ஆறு மாதம் இப்படி உழைத்தவரிடம், தாமே செய்து, தாமே விளக்கக்கூடிய மூன்று நான்கு வேலைகள் இருக்கும். அதன்பிறகு மேற்படிப்புக்கோ வேலைக்கோ உதவி கேட்டு வரும்போது, மனுவோடு அவற்றையும் கொண்டுவாருங்கள். சான்றிதழைவிட அவற்றையே நாங்கள் முதலில் பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.

பயனுள்ள கல்வியையும் ஹலாலான ரிஸ்க்கையும் அல்லாஹ் நம் பிள்ளைகள் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.

செயலாளர்